மிசினுக்கு ஓய்வு கொடுத்த கதை

1

எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மிசின் வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நான் நாட்கணக்கு வைத்திருக்கிறவள் அல்ல. கொம்பனியிலிருந்து தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே புதுக் குழாய், வடிகட்டி, கூடவே 'ஒரு வருடம் எங்களோடு இருந்ததற்கு நன்றி' என்று ஓர் அட்டை. மகள் சுமையா அதை வாசித்துச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கொம்பனியோடு முதல் இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊரில் இருக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிசின் ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் வரும். குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற கவசம். என் கணவர் றஷீதுக்கு உறங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது. பிறகு திடுக்கிட்டு இழுத்து விடுவார். மறுபடி நிற்கும். மிசின் இரவு முழுவதும் காற்றை ஊதி அந்தத் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும்.

நம் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான், குறட்டை. அதைக் கேட்டுச் சிரிப்பதுதான் வைத்தியம். முந்தல் என்ற ஊரில் அவர் இறால் பண்ணையில் வேலை செய்த காலத்தில், குளங்களுக்குக் காற்று அடிக்கிற சக்கரங்கள் இராப்பகலாக ஓடும். கூட வேலை செய்த சுனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொல்வான்:

"அக்கே, றஷீது நானா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தா கரண்ட் பில் மிச்சம். சக்கரத்த நிப்பாட்டிட்டு இவர குளத்துக் கரையில கிடத்தினாப் போதும், இறாலுக்குக் காத்து வரும்."

நானும் சிரிப்பேன். ஆனால் குறட்டைக்கு நடுவே ஓர் அமைதி வரும். அதைச் சுனில் கவனித்திருக்க மாட்டான். குறட்டைச் சத்தம் கேட்டால் மனிதர் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த அமைதி வரும்போதுதான் எனக்கு நெஞ்சு அடிக்கும். விலாவில் ஒரு தள்ளுத் தள்ளுவேன். பெரிய மூச்சொன்றை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார். கல்யாணம் முடித்த முதல் மாதத்தில் தொடங்கிய வேலை இது. அவருக்கு அது தெரியாது. உறங்குகிற மனிதருக்கு என்ன தெரியும்.

2

இப்போது நாங்கள் இருப்பது கனடாவில், டொரொண்டோவுக்குப் பக்கத்தில். ஊரில் சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு வந்தோம். அவர் ஒரு பேக்கரியின் பாண் வேன் ஓட்டுகிறார். விடியுமுன் சுபஹ் தொழுதுவிட்டு இறங்கினால் மத்தியானம் தாண்டித்தான் வருவார். நான் வயோதிபர் இல்லமொன்றில் துணி துவைக்கிற பகுதியில் நிற்கிறேன். படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துக் கை தானாக மடிக்கும். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உறங்கிப் போய் இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு. "உம்மா எப்பவும் டயர்ட்" என்பாள் சுமையா. பதினேழு வயது. தமிழில் சொல்லத் தொடங்கி இங்கிலீசில் முடிப்பாள். நான் தொடக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவர் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"இண்டைக்கு ஒரு சின்ன விசயம் புள்ள. சிவப்பு விளக்கில நிண்டன். ஒரு கண் மூடிப் போச்சு. பின்னுக்கு நிண்டவன் ஹோர்ன் அடிச்சான், எழும்பினன்."

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"ரெண்டும்தான்."

அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. பச்சை விளக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கண் மூடியிருந்தால் என்று ஒரு நினைவு, அதற்குப் பின்னால் ஜனாஸா அடக்கம், அதற்குப் பின்னால் தனியாக நானும் சுமையாவும். எனக்கு ஒரு கவலை வந்தால் அது குடும்பத்தோடுதான் வரும்.

டொக்டரிடம் போனோம். ஓர் இரவு உடம்பெல்லாம் வயர் ஒட்டி உறங்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று டொக்டர் ஓர் எண் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. இவ்வளவு காலமும் நான் தள்ளியது போதாது என்று மட்டும் விளங்கியது. மிசின் பாவித்தால் வேன் ஓட்டலாம், பாவிக்காவிட்டால் லைசன்ஸைப் பறிக்கச் சொல்லி லைசன்ஸ் கந்தோருக்கு எழுத வேண்டி வரும் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

3

மிசினை டொக்டர் தருவதில்லை. அதற்கென்று வீட்டுக்கு மருத்துவச் சாமான் கொடுக்கிற கொம்பனிகள் இருக்கின்றன. எங்களுடையது, கடைத்தொகுதி ஒன்றில் பீட்சாக் கடைக்கும் நகம் வெட்டி அழகு பார்க்கிற கடைக்கும் நடுவில் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மூச்சுச் சாமான் விற்கிற இடம் இப்படியா இருக்கும்?

ஜோய்ஸ் என்று ஒரு பெண் இருந்தாள். ஜமேக்கா நாட்டவள், என் வயது இருக்கும். என் கணவரின் முகத்தை அளந்து, தாடி இருப்பதால் காற்றுக் கசியும் என்று சொல்லி, தாடிக்கு மேலே நிற்கிற சிறிய கவசம் ஒன்றைத் தேடி எடுத்தாள். பிறகு ஒரு கட்டுக் கடதாசியை எங்கள் முன்னால் வைத்தாள். நான் சுமையாவைப் பார்த்தேன். அவள் விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் வாசித்து முடித்தாள்.

"என்ன மகள் எழுதியிரிக்கிது?"

"மிசின் அவங்கட. டூ மன்த்ஸ் ட்ரயல். கவனமா வெச்சிருக்கோணும். அவ்வளவுதான் உம்மா."

"இவ்வளவு கடதாசியில அவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் போரிங் உம்மா. சைன் பண்ணச் சொல்லுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். மிசினுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, எவ்வளவு நேரம் பாவிக்கிறோம் என்று அது தானாகக் கொம்பனிக்கு அனுப்பும் என்று ஜோய்ஸ் சொன்னதை மட்டும் சுமையா முழுதாகத் தமிழில் சொன்னாள். அது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். திருப்பிக் கொடுக்கும் நாளில், இங்கே கீறல், அங்கே தேய்மானம், இத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று எடுத்து நீட்டத்தான் அந்தக் கண் என்று என் புத்தி சொன்னது.

4

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

சண்டைக் காலத்தில், தொண்ணூறில், மன்னார் முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு எழுப்பியபோது வள்ளத்தில் ஏறிக் கல்பிட்டிப் பக்கம் வந்தோம். குறிஞ்சிப்பிட்டியில் தென்னங்கிடுகால் கொட்டில் போட்டு இருந்தோம். என் படிப்பு அங்கேதான் நின்றது. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனேன். பக்கத்துக் கொட்டிலில் வாப்பாவின் கூட்டாளி ஹமீது மாமா. அவர் எப்படியோ ஒரு வள்ளத்து எஞ்சின் வாங்கினார். கொஞ்சக் காலத்தில் சவூதிக்குப் போக வழி கிடைத்தது. எஞ்சினை எங்கள் கொட்டிலுக்குள் தூக்கி வைத்துவிட்டு, "அமானிதம் மச்சான், வெச்சிரு, ரெண்டு வருசத்தில வந்திருவன்" என்று சொல்லிப் போனார்.

அந்த இரண்டு வருடம் நீண்டுகொண்டே போனது. வாப்பா மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குத்தான் கடலுக்குப் போனார். கொட்டிலுக்குள் எஞ்சின் ஒரு பலகையின் மேல், பழைய சாரத் துணியால் சுற்றி, மாப்பிள்ளை மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் அவிழ்த்து எண்ணெய்த் துணியால் துடைப்பார். ஊரார் வாப்பாவை விடுவார்களா?

"என்ன காக்கா, எஞ்சினுக்கு அத்தர் பூசலையா?"

"நீ உன்ட சோலியப் பாரு. அமானிதப் பொருள், நம்பித் தந்தது. ஒருக்காத் தொட்டு ஓட்டினாலும் நாளைக்கு அல்லாஹ்ட்ட நான்தான் பதில் சொல்லோணும்."

நான் வெளிநாடு வந்த பிறகு ஹமீது மாமா திரும்பி வந்தார். சண்டை முடிந்ததால் மன்னாருக்குத் திரும்பிப் போகிற எண்ணம் அவருக்கு. வாப்பா எனக்குக் கோல் எடுத்து, "எஞ்சின ஒப்படைச்சிட்டன் மகள், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வருடம் கண்ணை மூடி மௌத்தானார். வாப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருகிற பெருமை அந்த எஞ்சின்தான்.

ஆகவே 'மிசின் அவங்கட' என்று மகள் சொன்னபோது என் காதில் விழுந்தது அமானிதம் என்ற சொல்தான். வீட்டுக்குக் கொண்டு வந்து, பூ வேலை செய்த வெள்ளைத் துணியொன்றால் மூடினேன். பகலில் குழாயைக் கழுவி நிழலில் காயப் போட்டேன். இரவில் அவர் கவசத்தைப் போட்டுப் படுப்பார். மிசின் கடல் தூரத்தில் இரைவது போல மெதுவாக ஊதும். குறட்டை இல்லை. அவருடைய முகம் குழந்தைபோல இருக்கும். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் மிசின் ஓடுகிறதே என்ற கவலை. கரண்ட் பொருளொன்றை ஓடவிட்டு வீட்டில் எல்லோரும் உறங்குவதும் எனக்கு ஒத்து வராது.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் இரண்டு மணித்தியாலம் அவர் ஆழ்ந்து உறங்குவார். அதை மிசின் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு மெதுவாகக் கவசத்தைக் கழற்றி, மிசினை நிறுத்தி, துணியால் மூடிவிடுவேன். மீதி இரவைப் பார்க்கத்தான் நான் இருக்கிறேனே. இத்தனை வருடம் பார்த்தவள் நான். அமைதி வந்தால் தள்ளுவேன். சுபஹுக்கு எழுப்புவேன். கவசம் முகத்தில் இல்லாததைக் கண்டு, எழுப்புவதற்காக நான் அப்போதுதான் கழற்றினேன் என்று அவர் நினைத்துக்கொள்வார். நான் அதைத் திருத்தவில்லை. பொய் சொன்னதாகவும் நினைக்கவில்லை.

மிசினின் சின்னத் திரையில் மணித்தியாலம் காட்டும். நாளுக்கு இரண்டு, இரண்டு என்று குறைவாக ஏறுவதைப் பார்த்து என் மனம் ஆறும். புதுசாகவே திருப்பிக் கொடுக்கலாம்.

5

இரண்டாவது மாதம் பாதியில் கடிதம் வந்தது. சமையலறை மேசையில் வைத்துச் சுமையா வாசித்தாள்.

"வாப்பா ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் கூடத்தான் பாவிக்கிறாராம்."

சத்தியமாகச் சொல்கிறேன், கொம்பனி நம்மை மெச்சி எழுதியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வாயில் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"குறைஞ்சது நாலு பாவிக்கோணுமாம். இப்பிடியே போனா இந்த மாதம் முடிய மிசினத் திருப்பி எடுப்பாங்களாம். டொக்டருக்கும் எழுதுவாங்களாம்."

டொக்டருக்கு எழுதினால் அடுத்தது லைசன்ஸ் கந்தோர். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"ரெண்டா? நான் இசாத் தொழுது படுத்து சுபஹ் வரைக்கும் மூக்கில மாட்டிக்கொண்டு கிடக்கிறன். ரெண்டாம். பொய்க் கணக்கு. இதுதான் இவனுகள்ற வேலை. புள்ள, நீ சொல்லு, நான் ராத்திரி மாஸ்க் போட்டுத்தானே படுக்கிறன்?"

"போட்டுத்தான் படுக்கிறீங்க" என்றேன். அது பொய்யில்லை. என் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாகனத் தரிப்பிடத்தில் நவாஸ் நானாவிடம் முறையிட்டார். நவாஸ் நானா கண்டிப் பக்கத்தவர், அவருக்கும் இதே மிசின். நான் காருக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒன்ட கணக்கு என்ன பெரிய கணக்கு றஷீது. என்ட மிசின் நான் கதைக்கிறதெல்லாம் கேக்குதோன்னும் எனக்குச் சந்தேகம். பொஞ்சாதியோட சண்டையும் வெளியிலதான் வெச்சிக்கிறன்."

"எனக்கு ரெண்டு மணித்தியாலமாம் நானா."

"ஒங்கிட்ட எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுப்பான். அதான் யாவாரம். நான் என்ன செய்யிறன் தெரியுமா? பின்னேரத்தில மாஸ்க்கப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பாக்கிறன். மணித்தியாலம் தன்பாட்டில ஏறுது."

"அப்ப ராத்திரிக்கு?"

"ராத்திரிக்குக் கழட்டிட்டுத்தான் படுக்கிறது. அதப் போட்டுக்கொண்டு மனிசன் தூங்கேலுமா?"

நவாஸ் நானாவின் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பை தொங்குகிறது. என் கணவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கொம்பனியை நம்பாமல் மூச்சை இழந்துகொண்டிருக்கிற மனிதர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தேன். இவருக்கு அந்த நிலையும் இல்லை. இவர் ஒழுங்காகப் போடுகிறார். கழற்றுகிறவள் நான்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிரவும் மிசினை நிறுத்தப் போய் நின்றேன். ஒரு மணித்தியாலம் கூடுதலாக ஓடவிட்டு நிறுத்தினேன். அமானிதத்துக்கும் கடிதத்துக்கும் நடுவில் நானே ஒரு பேரம் பேசியதுபோல.

6

மதுரங்குளியில் இருக்கும் ராத்தா, என் மூத்த சகோதரி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுப்பாள். அவளிடம் மட்டும் சொன்னேன். அவளுடைய வீட்டுக்கு முன்னால் போகிற கொழும்பு பஸ் சத்தத்துக்கு மேலால் கத்தினாள்:

"ஏன்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? உரல இரவல் வாங்கினவ, தேஞ்சிரும் எண்டு இடிக்காமத் திருப்பிக் குடுப்பாளா?"

"இது அமானிதம் ராத்தா. வாப்பா..."

"அமானிதம் பாதுகாக்கத் தாறது. இது பாவிக்கச் சொல்லித் தந்தது. ரெண்டும் ஒண்டா? வாப்பாவப் பத்தி எனக்குச் சொல்லாத. அந்த எஞ்சினுக்கு என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியுமா?"

"ஒப்படைச்சிட்டன் எண்டு சொன்னாரே."

"ஓம், ஒப்படைச்சார். ஹமீது மாமா கயித்த இழுத்தார். ஒண்டுமில்ல. திரும்பவும் இழுத்தார். மெக்கானிக்கக் கூட்டி வந்து திறந்தா உள்ளுக்கு முழுக்க இறுகிப் போயிரிக்கிது. உப்புக் காத்து, எத்தின வருசம். எண்ணெய் வெளியால பூசினதுதானே. ஹமீது மாமா வாப்பாட தோளில கை போட்டுச் சொன்னார், 'மச்சான், நான் வெச்சிரு எண்டு சொன்னது நீ ஓட்டிப் பிழைக்கட்டும் எண்டுதான். ஓட்டியிருந்தா இது இண்டைக்கும் ஓடும்.' வாப்பா சாரத்த மடிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனார். நாலைஞ்சு நாள் சாப்பாடும் சரியில்ல."

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"அவர்தான் சொல்லவேணாம் எண்டார். 'அவள் தூரத்தில இரிக்கிறாள், ஒரு விசயத்தக் கேட்டா ஒம்பது விசயத்துக்குக் கவலப்படுவாள்' எண்டு."

ஃபோனை வைத்துவிட்டு அலுமாரிக் கதவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்து அழுதேன். வாப்பா ஓட்டாத எஞ்சினை நினைத்து அழுதேனா, அதை எனக்கு மறைத்ததை நினைத்து அழுதேனா தெரியாது. வாப்பா செய்தது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. ஆனால் எஞ்சின் இறுகினால் இன்னொரு எஞ்சின் வாங்கலாம்.

7

அடுத்த நாள் பின்னேரம் கொம்பனியோடு சண்டை பிடிக்க அவர் புறப்பட்டார். மிசினைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன்.

ஜோய்ஸ் எங்களை உட்கார வைத்து, கம்பியூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். நாளுக்கொரு நீலக் கோடு. எல்லாம் குட்டையானவை. ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல முடிந்தன. கடைசிச் சில கோடுகள் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவர் சுமையாவிடம், "சொல்லு மகள், இது பொய்யெண்டு சொல்லு. நான் ஐஞ்சு நேரம் தொழுகிறவன், எனக்குப் பொய் சொல்லத் தேவையில்ல எண்டு சொல்லு" என்றார்.

சுமையா சொன்னாள். அவ்வளவையும் சொன்னாளோ தெரியாது. ஜோய்ஸ் தயங்கித் தயங்கி ஏதோ பதில் சொன்னாள். சுமையாவின் முகம் மாறியது.

"என்ன சொல்றாள்?"

"ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில நிக்கிதாம். தூங்கிற ஆக்கள் அப்பிடிக் கழட்ட மாட்டாங்களாம். வாப்பா மிசின வேற யாருக்காவது குடுக்கிறாரோ எண்டு அவங்க ஒஃபீசில கேக்கிறாங்களாம்."

நாங்கள் அவர்களைக் கள்ளர் என்று நினைத்தோம். அவர்கள் எங்களைக் கள்ளர் என்று நினைத்திருக்கிறார்கள். என் கணவரின் காது சிவந்தது. பெட்டியை மேசையில் வைத்து, "இந்தா, உங்கட மிசின். எனக்கு வேணாம். அல்லாஹ் தந்த மூச்சு, அவன் பாத்துக்கொள்ளுவான்" என்று எழும்பினார்.

நான் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தேன். மகளை இடையில் வைக்கவில்லை. துணி துவைக்கிற இடத்தில் பழகிய என் இங்கிலீசில், ஜோய்ஸைப் பார்த்து, இவர் இல்லை, நான், என்றேன். இரவில் நான்தான் கழற்றுகிறேன். நான்தான் நிறுத்துகிறேன். மிசின் உங்களுடையது, பழுதாகக் கூடாது, அதனால் இரண்டு மணித்தியாலம் மிசின், பிறகு நான். இவருக்கு இது தெரியாது. இவர் நல்லவர்.

வசனம் சரியாக வந்திருக்காது. ஆனால் விளங்கியது. ஜோய்ஸ் திரையைப் பார்த்தாள். ஒரே இடத்தில் வெட்டுப்பட்ட அந்தக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மிசினைச் செய்திருப்பதே ஓடுவதற்குத்தான், பழுதானால் வேறு தருவோம் என்று சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அதைப் பிறகு சொன்னாள். முதலில் அவள் கேட்டது வேறு.

"அப்படியென்றால் நீ எப்போது உறங்குகிறாய்?"

இந்த நாட்டில் எத்தனையோ கந்தோரில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிறந்த திகதி, வந்த திகதி, தொழில், தாயின் பெயர். இதை ஒருவரும் கேட்டதில்லை. நான் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துச் சுமையா தமிழில் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். "உம்மா, நீங்க எப்ப தூங்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். கையில் இருந்த ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஜோய்ஸ் டொக்டருக்குத் தன் கையாலேயே எழுதினாள். இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தவணை தந்தாள். பெட்டியிலிருந்து மிசினை எடுத்து, நான் துடைத்து வைத்திருந்த பளபளப்பைப் பார்த்து, இவ்வளவு சுத்தமான மிசின் இந்தக் கடைக்குத் திரும்பி வந்ததே இல்லை என்றாள். மெச்சினாளோ கிண்டல் பண்ணினாளோ, இரண்டும் இருந்திருக்கும்.

8

காரை அவர்தான் ஓட்டினார். இரண்டு விளக்குத் தாண்டிய பிறகு கேட்டார்:

"எத்தின நாளா?"

"மிசின் வந்த நாளிலயிருந்து."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி மிசின் எங்க இருந்தது?"

"நான் மிசினக் கேக்கல்ல. நீ முழிச்சிரிக்கிறது எத்தின நாளா எண்டு கேக்கிறன்."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். "முந்தல்ல இருந்த காலத்திலயிருந்து" என்றேன்.

அவர் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். கண்ணைத் துடைத்தாரோ, மூக்கைத் துடைத்தாரோ, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பழையபடி குரலை உயர்த்தினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. இண்டையிலயிருந்து நீ படுக்கிறாய். எனக்கு மூச்சு நிண்டா கொம்பனிக்காரி உனக்குக் கோல் எடுப்பாள். அதுக்குத்தானே அந்தக் கண்ண வெச்சிரிக்கிறாள்."

பின்னால் இருந்து சுமையா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த மூன்று கிழமையும் தாண்டியது. நீலக் கோடுகள் நீண்டன. டொக்டர் வேன் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார், மிசின் எங்களுடையதே ஆயிற்று. கொம்பனியை இன்றைக்கும் நான் முழுதாக நம்பவில்லை. கேட்காத சாமான் வந்தால் சுமையாவைக்கொண்டு கோல் எடுத்து ஏன் என்று கேட்கிறேன். அவளும் இப்போது கடதாசியைக் கடைசிவரை வாசிக்கிறாள். நவாஸ் நானாவிடம் பகலில் கிரிக்கெட், இரவில் மிசின் என்று சொல்லிப் பார்த்தோம். யோசிக்கிறேன் என்கிறார். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: குறட்டை விடுகிற மனிதரைப் பார்த்துச் சிரியுங்கள், தடையில்லை. குறட்டை நின்றால் மட்டும் சிரிக்காதீர்கள்.

மிசினை நிறுத்தாமல் விட்ட முதல் இரவைச் சொல்லி முடிக்கிறேன். விழித்திருப்போம் என்றுதான் படுத்தேன். பழக்கம் விடுமா? மிசின் ஊதியது, அவருடைய நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது சுபஹ் போய்விட்டதோ என்று பதறி எழும்பினேன். அவர் கட்டிலின் ஓரத்தில், தொழுகைக்கு வுழூ செய்த ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"படு. இன்னும் நேரம் இரிக்கிது."

"எழுப்பாம என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல" என்றார். "கல்யாணம் முடிச்சு இத்தின வருசத்தில, நீ தூங்கி நான் கண்டதில்ல புள்ள."